ஸ்டியரிங் கை

மல்மெடியில் மூன்றாவது நாளாக மழை.
பட்டறைத் தகரத்தின் மேல் அது
ஐடிலில் விட்டுப் போன எஞ்சின்போல்
அணைப்பார் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேசை முழுக்க உங்கள் கார், மிஸ்யூ ரெனுவா.
பிஸ்டன் வளையங்கள், வால்வு ஸ்பிரிங்குகள்,
அப்பளம்போல் நொறுங்கும் ஒரு கேஸ்கெட்,
எவரோ பென்சிலால் ‘57’ என்று எழுதிய பேரிங் டப்பா.
டப்பாவில் பேரிங் இல்லை.
ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது.

“எல்லாம் அசலாக இருக்கணும், ஓடீல்.
ஏலத்தில் அசலுக்குத்தான் விலை.”
சொன்னீர்கள். செய்தேன்.
லீயேஜிலிருந்து வந்த புதுப் போல்ட்டுகளை
வினிகரில் ஊறவைத்து, உப்புத் தூவி,
ஜன்னலோரம் பரப்பி
ஒரே வாரத்தில் அறுபது வயதாக்கினேன்.
யூர்பேன் எட்டிப் பார்த்து,
“வெள்ளரிக்காய் எங்கே?” என்றான்.
அந்தப் பொய் எனக்குப் பழக்கம்தான்.
போல்ட்டின் தலையில் துரு பூசியதால்
யாரும் செத்ததில்லை.

பிறகு ஸ்டியரிங் கை.
முன்சக்கரத்தைத் திருப்பும் எஃகுத் துண்டு.
என் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீளம்.
மண்ணெண்ணெயில் கழுவினேன்.
சிவப்புச் சாயம் தடவிக் காத்திருந்தேன்,
ஒரு காபி ஆறிப்போகும் நேரம்.
துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளித்தேன்.
வளைவில், சிவப்பாக, ஒரு மயிரிழை.
என் முடியும் அந்த நிறம்.
விழுந்துவிட்டது என்று நினைத்து ஊதினேன்.
போகவில்லை.
இன்னொரு முறை ஊதினேன்.

கீஸ்லேன் வாத்லே இதை நம்பித்தான்
அந்த மழை ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார்.
உங்கள் வரவேற்பறைப் படத்தில் நிற்கிறார்:
முகமெல்லாம் சேறு,
கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெள்ளை,
பூங்கொத்தை எப்படிப் பிடிப்பதென்று தெரியாத கைகள்.
இழை அன்றே இருந்ததா, பிறகு வந்ததா?
விரிசலில் யாரும் தேதி போடுவதில்லை.

தொலைபேசியில் சிரித்தீர்கள்.
“அதையே மாட்டு.
லாரியில் ஏற்றுவோம், இறக்குவோம், விளக்கடியில் நிறுத்துவோம்.
வாங்குகிறவனும் ஓட்டமாட்டான்.”

ஓட்டுவான், மிஸ்யூ.
ஒரு ஞாயிறு வரும், அதிசயமாக வெயிலடிக்கும்,
டாங்கியில் ரெண்டு லிட்டர் கிடக்கும்.
அவன் மகள் பக்கத்து இருக்கையில் ஏறி
ஒரே ஒரு சுற்று என்பாள்.
ஸ்தாவ்லோ பக்கம் சாலை இறங்கும்.
இறங்குகிற சாலைக்குக்
காட்சிப்பொருள் எது என்று தெரியாது.

வைஸில் இறுக்கி, ரம்பத்தை எடுத்தேன்.
யூர்பேன் ரேடியோவை நிறுத்தினான்.
பழைய எஃகு, நல்ல எஃகு, விட்டுக்கொடுக்கவில்லை.
ஒரு பிளேடு மழுங்கியது.
இரண்டாவதில் கால்வாசிகூட இறங்கவில்லை,
கை தானாகவே ஒடிந்தது,
பிரெட் ஒடிகிற சத்தத்தில்.
ஒடிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தோம்:
முக்கால்வாசி கறுப்பு, எப்போதோ பிளந்த இடம்.
மிச்சம் ஓரத்தில், நகக்கண் அளவுக்கு,
இப்போதுதான் விட்ட இடம், பளபளவென்று.
அவ்வளவுதான் பிடித்துக்கொண்டிருந்தது.
யூர்பேன் வெளியே போய்
மழையில் நின்று சிகரெட் பற்றவைக்கப் பார்த்தான்.

இரண்டு துண்டையும் துணியில் சுற்றி அனுப்புகிறேன்.
விற்றுக்கொள்ளுங்கள், சத்தியமாக அசல்.
புதுக் கையை மாட்டிவிட்டேன்.
அதை வினிகரில் போடவில்லை.
குனிந்து பார்க்கிறவன் கண்ணில் படட்டும்.

பில்லில்:
ஸ்டியரிங் கை ஒன்று.
ரம்பப் பிளேடு இரண்டு.
வினிகர் என் கணக்கு.

பொத்தானை நான் வைத்துக்கொண்டேன்.
யாருடையது என்று தெரியவில்லை.
நான்கு துளை. நூல் அப்படியே இருக்கிறது.